வாசகர் கேள்வி பதில்: பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பங்க் ராக் குழு

(போன இதழில் முத்தியால்பேட்டை வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கிப் போட்டு, அவருக்குத் தனியே பதிலும் அனுப்பி, பழைய பிலிம் சுருள் பற்றி வேறு கேள்விகள் இருந்தாலும் அனுப்பச் சொல்லியிருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் நிறைய வந்தன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.)

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். எழுபதுகளில் குடும்பத்தோடு பிரான்சின் பொர்தோ நகரத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பினார். போன வருடம் தவறிவிட்டார். வீட்டை ஒழிக்கும்போது பீரோ அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சின்ன பிலிம் சுருள்கள் கிடைத்தன. எல்லாம் பெரியம்மா, அக்காக்கள், கடற்கரை, கிறிஸ்துமஸ். ஒரு மஞ்சள் டப்பாவில் மட்டும் அவர் கையெழுத்தில் பிரெஞ்சில், 'பக்கத்து வீட்டுப் பையனின் பங்க் குழு, 1977' என்று இருக்கிறது. பிரான்சில் இருக்கும் அக்காக்களிடம் சொன்னால், 'அந்த இரைச்சலா, தூக்கிப் போடு' என்கிறார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் கடையில், புரொஜெக்டரில் ஓட்டி, சுவரில் விழுவதைச் செல்போனில் பிடித்துத் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா? பிரபலமான குழு எதுவும் அதில் இருக்குமா?
*முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி*

தூக்கிப் போடவும் வேண்டாம், புரொஜெக்டரில் ஓட்டவும் வேண்டாம். டின்னை மூடியபடி வைத்துக்கொண்டு முதலில் இதைப் படியுங்கள்.

பிரபலமா என்பதற்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். பங்க் என்பது எழுபதுகளின் நடுவில் கிளம்பிய, வேகமும் கத்தலுமான ஒரு ராக் இசை. பொர்தோவுக்குத் தெற்கே சுமார் 130 கிலோமீட்டரில் மோன்-த-மார்சான் என்று ஒரு சின்ன ஊர். 1976 ஆகஸ்ட் 21 அன்று அங்கே இருக்கும் காளைச் சண்டை அரங்கில் ஒரு பங்க் விழா நடந்தது. ஐரோப்பாவிலேயே முதல் பங்க் விழா என்று அதைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து தி டாம்ன்ட் வந்து வாசித்தார்கள். அடுத்த ஆகஸ்டில் மறுபடி நடந்தபோது, லண்டனின் இன்னொரு பிரபலக் குழுவான தி கிளாஷும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பையன்களில் எத்தனை பேர் கடன் வாங்கி கிட்டார் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பொர்தோவிலேயே ஸ்ட்ரிக்னின் என்ற குழு பிற்பாடு ஓரளவு பெயர் வாங்கியது. உங்கள் சுருளில் இருப்பது அவர்களாக இருக்குமோ என்று இப்போதே ஆசைப்பட வேண்டாம், பார்க்காமல் பெயர் ஒட்டுவது நல்லதில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த டப்பாவில் 'தி கிளாஷ்' என்று எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு சுவாரசியம் வந்திருக்காது. அவர்களை அந்தக் காலத்திலேயே எத்தனையோ கேமராக்கள் படம் பிடித்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனை யார் பிடித்திருப்பார்கள்? இப்படிப்பட்ட உள்ளூர்க் குழுக்களில் பெரும்பாலானவை கார் ஷெட்டில் பழகி, நாலைந்து இடத்தில் வாசித்து, ரெக்கார்டு எதுவும் போடாமல் கலைந்துபோனவை. பிரான்சில் அப்போது இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு, 12 மாதம். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு அழைப்பு வந்தால் குழுவின் கதை முடிந்தது. அதே ராணுவத்தில் சம்பளம் வாங்கிய ஒரு புதுச்சேரிக்காரர், அந்தப் பையன்கள் வாசித்ததைக் காசு செலவழித்துப் பிலிமில் பிடித்திருக்கிறார். எனக்கு இதுதான் செய்தி.

வேறு ஒரு உதாரணமும் இருக்கிறது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சின்ன மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு வாசித்தது. வந்தவர்கள் சில டஜன் பேர்தான், ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து பிற்பாடு பல குழுக்கள் கிளம்பின. இப்போது கேட்டால் ஊரில் பாதிப் பேர் நானும் அங்கே இருந்தேன் என்பார்கள். யாரோ ஒருவர் சூப்பர் 8 என்ற வீட்டுக் கேமராவில் பிடித்த கொஞ்சம் படம்தான் அந்த இரவின் அசையும் சாட்சி. லண்டனில் ராக்ஸி கிளப்பில் ரெக்கார்டு போடும் வேலையில் இருந்த டான் லெட்ஸ் 1977-இல் எடுத்ததும் இதே சூப்பர் 8-இல்தான், அடுத்த வருடம் அது முழுப் படமாகவே வந்தது. ஆக, வீட்டுக் கேமராதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

இனி சுருளுக்கு வருவோம். 1977 என்றால் அநேகமாக சூப்பர் 8. கோடக் 1965-இல் கொண்டுவந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, அதாவது 15 மீட்டர் பிலிம். விநாடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடி. இதை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கச்சேரியில் ஆலாபனையைக்கூட முடிக்க முடியாது. பங்குக்கு இது தாராளம். ரமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரியப்பா சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தி விடாமல் பிடித்திருந்தால் ஒரு முழுப் பாட்டே உங்களிடம் இருக்கலாம். பிலிம் விலைக்குப் பயந்து பத்து விநாடி, எட்டு விநாடி என்று விட்டு விட்டு எடுத்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

மஞ்சள் டப்பாவைப் பத்திரமாக வையுங்கள். ஐரோப்பாவில் கோடக்கின் கலர் பிலிமான கோடாக்ரோமின் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. எடுத்த பிலிமைத் தபாலில் அனுப்பினால், பாரிஸ் பக்கத்தில் செவ்ரான் என்ற ஊரில் இருந்த கோடக் கூடத்தில் கழுவி, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். டப்பாவிலோ உறையிலோ தபால் முத்திரை இருந்தால் அதுதான் உங்கள் தேதிச் சான்று. 1977 என்று எழுதியிருக்கிறார், எந்த மாதம் என்பது அதில் தெரியலாம். மோன்-த-மார்சானில் இரண்டாம் விழா நடந்த ஆகஸ்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்தாலே கதை மாறும். அது கோடாக்ரோமாக இருந்தால் இன்னொரு அதிர்ஷ்டம்: பீரோ இருட்டில் கிடந்தவரை அதன் நிறம் அவ்வளவு சீக்கிரம் மங்காது.

அடுத்தது வாசனை. டின்னை மொட்டை மாடியிலோ வாசலிலோ திறந்து மோந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இது தானே தன்னை வேகப்படுத்திக்கொள்ளும், பக்கத்துச் சுருளுக்கும் பரவும். 21 டிகிரி வெப்பத்தில், பாதியளவு ஈரப்பதத்தில் வைத்தாலே புது அசிடேட் பிலிம் சுமார் 40, 50 வருடத்தில் அந்த நிலைக்கு வரும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. முத்தியால்பேட்டையில் கடல் காற்றும் மே மாத வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெடி அடிக்கும் சுருளைத் தனியே பிரித்து, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வையுங்கள். மற்றதைப் பரணில் ஏற்றாமல் வீட்டிலேயே குளிர்ந்த, காய்ந்த அறை எதுவோ அங்கே வையுங்கள். தீப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். 2003-இல் புனேயில் எரிந்துபோனது, பழைய சினிமாக்களில் பயன்பட்ட, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம். வீட்டுக் கேமராவுக்கான 8 மில்லிமீட்டர் பிலிம் எந்தக் காலத்திலும் நைட்ரேட்டில் வந்ததில்லை.

புரொஜெக்டர் ஏன் கூடாது? நாற்பது ஐம்பது வருடத்தில் பிலிம் சுருங்கியிருக்கும், பற்சக்கரம் ஓட்டையில் சரியாக விழாமல் கிழித்துக்கொண்டே போகும். நடுவில் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் அந்த பிரேம் பொசுங்கும். அப்படியே தப்பித்தாலும், சுவரில் விழும் படத்தைச் செல்போனில் பிடித்தால் வேகம் பொருந்தாமல் மினுக்மினுக்கென்று அடிக்கும், நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டுமாக இருக்கும். பற்சக்கரம் இல்லாமல் பிரேம் பிரேமாக எடுக்கும் ஸ்கேனர் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, ஓட்டைகள் தெரியும்படி ஓரம் வரை எடுக்க வேண்டும், அதிகம் சுருக்காத பெரிய பைலாகவே வேண்டும், வேகத்தை மாற்றக் கூடாது, மூலச் சுருள் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று குழப்பமாக இருந்தால் புனேயில் 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கோ மும்பையில் இருக்கும் பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷனுக்கோ ஒரு கடிதம் போட்டு ஆலோசனை கேளுங்கள்.

அதுவரை பார்க்காமல் இருக்க முடியாது என்றால், பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, முதல் ஓரடியை மெல்ல இழுத்து, பின்னால் செல்போன் வெள்ளைத் திரையை வைத்து, நகை ஆசாரிகள் வைத்திருக்கும் கண்ணாடியால் பாருங்கள். பிரேமின் அகலம் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் கிட்டார் தெரியும்.

எனக்குத் தெரிந்து பங்க் என்றால் எங்கள் அப்பா காலத்து ஆட்கள் காதை மூடி வளர்த்த முடி. அப்புறம் இங்கிலீஷ் படத்தில் வரும் சேவல் கொண்டை. இசை என்ற அளவில் அது என்ன? முதலில் யார் ஆரம்பித்தது?
*கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்*

தம்பி, யார் முதலில் என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள், அந்தச் சண்டை ஓயாது. 1974-இல் நியூயார்க்கில் சிபிஜிபி என்ற குடிக்கடையில் ரமோன்ஸ் வாசிக்கத் தொடங்கினார்கள், அவர்களுடைய முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் என்று தி டாம்ன்டின் 'நியூ ரோஸ்' பாட்டைச் சொல்வார்கள், அது 1976 அக்டோபர் 22. எனக்குப் பிடித்த உதாரணம் இரண்டுமில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் தி செயின்ட்ஸ் என்று ஒரு குழு, லண்டனும் நியூயார்க்கும் என்ன செய்கின்றன என்று தெரியாமலே அதே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் கண்டுகொள்ளாததால் சொந்த லேபிளில் 500 தட்டு அடித்து வெளியிட்டார்கள், 1976 செப்டம்பரில். லண்டன் ஆட்களுக்கு ஒரு மாதம் முன்னால்!

இசையைப் பொறுத்தவரை வேகம், மூன்று நான்கு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது), இரண்டு நிமிடம், கத்தல். 1977 தொடக்கத்தில் ரசிகர்களே நடத்திய ஒரு ஆங்கிலச் சிறு பத்திரிகையில் கிட்டார் கார்டு மூன்றைப் படம் போட்டு, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இப்போது ஒரு குழு தொடங்கு என்று போட்டிருந்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது நேர் எதிர். சங்கீதம் கற்றுக்கொண்ட யாரும் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், எனக்கே பல ரெக்கார்டுகளை முழுதாகக் கேட்க முடியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் பொர்தோவில் குழு வைக்க முடிந்தது இதனால்தான்.

சேவல் கொண்டை எல்லாம் கொஞ்சம் பிற்பாடுதான் பரவியது. 1976, 77 காலத்துப் படங்களில் பையன்கள் பழைய கோட்டும் ஒல்லி டையும் குட்டை முடியுமாகத்தான் நிறைய நிற்கிறார்கள், கூட்டத்தில் பாதிப் பேருக்கு இன்னும் நீள முடி, பெல்பாட்டம். நாற்பது வருடம் கழித்துப் பேட்டி கொடுப்பவர் எல்லோரும் தோல் ஜாக்கெட் போட்டிருந்தோம் என்பார். பழைய பிலிம் அதை ஒத்துக்கொள்ளாது. அதனால் இப்படி ஒரு சுருள் கிடைத்தால் நான் மேடையை விடக் கூட்டத்தையும் சுவரையும் பார்க்கத்தான் ஆசைப்படுவேன்: சுவரொட்டி, பீர் விலைப் பலகை, மூலையில் கைகட்டி நிற்கும் யாரோ ஒரு அப்பா.

நம் ஊர் நாதஸ்வரக்காரர்களும் தெருக்கூத்துக் குழுக்களும் எழுபதுகளின் மெல்லிசைக் குழுக்களும் ஒரு அடி பிலிம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். பிரான்ஸ் பையன்களின் சத்தத்துக்கு இத்தனை பக்கமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்*

ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான, நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வத'மே இன்று நம்மிடம் இல்லை. அதைக் காப்பாற்றாதவர்கள் மெல்லிசைக் குழுவையா காப்பாற்றியிருக்கப் போகிறார்கள்?

ஆனால் இதை விட்டால் அது கிடைக்கும் என்று இல்லையே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, 1950-களிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. சிலை திருட்டு வழக்குகளில்கூட அந்தப் படங்கள் கைகொடுத்திருக்கின்றன. வெளியூர்க்காரர் எடுத்த படம் என்று நாம் அதை வேண்டாம் என்றோமா? இங்கே நடந்திருப்பது அதன் மறுபக்கம். நம் ஆள் ஒருவர் அவர்கள் தெருவைப் பார்த்து எடுத்திருக்கிறார். 1962-இல் பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாழ்க்கை பற்றிப் பேசும்போது பென்ஷனையும் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அணிவகுப்பையும் தாண்டி நாம் போவதில்லை. அவர்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள், யாரோடு பழகினார்கள், பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிட்டால் அவன் கச்சேரிக்குப் போனார்களா? இந்த ஒரு சுருள் அதற்குப் பதில் சொல்கிறது, போயிருக்கிறார்கள். இன்னொன்று, அதே டின்னில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது எடுத்த மாசி மகமோ வீராம்பட்டினம் தேரோ இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பங்க் சுருளைத் தூக்கிப் போடுகிற கை டின்னோடு சேர்த்துத்தான் போடும்.

கடலூரில் பழைய மெல்லிசைக் குழுவின் பிலிமோ கேசட்டோ யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அதற்கும் இதே பக்கம் காத்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி முதல் ஓரடியைப் பார்த்தேன். வினிகர் நெடி லேசாக இருக்கிறது. பிலிமின் ஒரு ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஓடுகிறது, அழுக்கா என்று தெரியவில்லை, துடைக்கலாமா? அந்தப் பையன்களைக் கண்டுபிடிக்க முடியுமா?
*முத்தியால்பேட்டை வாசகி, இரண்டாம் கடிதம்*

துடைக்காதீர்கள்! அது அழுக்கில்லை, சத்தம். கோடக் 1973-இல் ஒலிப்பதிவோடு கூடிய சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்தது. ஓரத்தில் ஓடும் பழுப்புக் கோடு கேசட் நாடாவில் இருப்பதைப் போன்ற காந்தப் பூச்சு. அதில் ஒலி பதிந்திருக்கிறதா என்பது ஓட்டினால்தான் தெரியும், ஆனால் கோடு இருக்கும் பிலிமை வாங்குகிறவர் வழக்கமாக ஒலிக் கேமரா வைத்திருப்பார். பெரியப்பா அந்த விஷயத்தில் கொஞ்சம் வசதியாகவே செலவழித்திருக்கிறார் போல.

இதனால் இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று, ஸ்கேன் செய்யும் இடத்தில் காந்த ஒலியையும் எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். பல இடங்களில் படம் மட்டும்தான் எடுப்பார்கள், கேட்காவிட்டால் ஊமைப் படமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சூப்பர் 8-இல் ஒரு பிரேமுக்கான ஒலி அதற்கு நேரே இருக்காது, 18 பிரேம் முன்னால் இருக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு விநாடி. பிலிம் அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டினால் படத்தில் ஓரிடமும் பாட்டில் வேறோரிடமும் போகும், ஆகவே கிழிசல் இருந்தாலும் நீங்களாக ஒட்ட வேண்டாம். இரண்டாவது, அவசரம். காந்தப் பூச்சில் இருக்கும் இரும்புத் துகள் அசிடேட் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். நெடி வேறு வந்துவிட்டது என்கிறீர்கள். பொங்கல் கழியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஒலித் தரத்தைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அந்தக் கேமராக்களின் மைக், சத்தம் கூடினால் தானாகவே அமுக்கிவிடும். பங்க் கச்சேரியில் சத்தம் கூடாமல் இருக்கும் நிமிடம் ஏது? ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாராவது ஏதாவது பேசியிருந்தால் அது துல்லியமாகவே கேட்கலாம், குழுவின் பெயர்கூட அங்கேதான் கிடைக்கும்.

பையன்களைத் தேடுவதற்குப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை, சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அக்காக்கள் 'அந்த இரைச்சலா' என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் காதால் கேட்காமலா அப்படிச் சொல்வார்கள்? தெரு பெயர் என்ன, எந்தப் பக்கத்து வீடு, பையன் பெயர் என்ன, எந்த நேரத்தில் பழகுவார்கள், யார் போய்ச் சண்டை போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், கேட்கும்போது அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். பங்க் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், பொர்தோ வீட்டைப் பற்றிக் கேளுங்கள், அவன் தானாக வருவான். ஸ்கேன் முடிந்ததும் முகம் தெளிவாக இருக்கும் நாலைந்து பிரேமை முதலில் அவர்களுக்கு அனுப்பி, குடும்பத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அக்காக்களில் ஒருத்தி கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால் 'தூக்கிப் போடு'வுக்குக் காரணம் புரிந்துவிடும்.

அதற்கப்புறம் அதே பிரேம்களை பொர்தோவின் நாளிதழான 'சூத் வெஸ்ட்'டுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பலாம், உள்ளூர் நினைவு என்றால் அங்கே ஆர்வம் உண்டு. பிரான்சில் வீட்டுப் பிலிம்களைச் சேகரிக்கவே பிராந்தியக் காப்பகங்கள் இருக்கின்றன, பிரெத்தாஞ் பகுதியில் 1986 முதல் இயங்கும் காப்பகம் அதில் பேர்பெற்றது. உங்கள் சுருளுக்கு பொர்தோ இருக்கும் பிராந்தியத்தில் விசாரிக்க வேண்டும். மூலச் சுருளையே அங்கே கொடுத்தாலும் தப்பில்லை என்பது என் கருத்து, நம் வெயிலைவிட அவர்கள் குளிர் அறை அதற்கு நல்லது, பிரதி உங்களிடம் இருக்கும். பாரிஸ் போகிற உறவுக்காரர் இல்லாத புதுச்சேரி வீடு உண்டா? கைப்பையில் கொடுத்து அனுப்புங்கள். கழுவிய பிலிமுக்கு விமான நிலைய எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை.

என்னிடம் இருக்கும் சூப்பர் 8 சுருள்களில் ஒலி இல்லை. பின்னணிக்குப் பாட்டு சேர்க்கலாமா? செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டால் 4கே ஆக்கித் தருமாமே?
*மென்பொருள் பொறியாளர், லாஸ்பேட்டை*

சேர்க்கலாம், தனிப் பிரதியில். ஊமைப் பிரதியைத் தொடாமல் வைத்திருங்கள். 1976-இல் ஏமஸ் போவும் ஐவன் க்ராலும் நியூயார்க் குழுக்களைப் பற்றி எடுத்த 'தி பிளாங்க் ஜெனரேஷன்' படமே அப்படித்தான், ஊமைக் கேமராவில் எடுத்துவிட்டு வேறு ஒலிப்பதிவைப் பின்னால் போட்டிருக்கிறார்கள். உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை, அந்த அலங்கோலம் அந்த இசைக்கு ஒத்துத்தான் போகிறது. உங்கள் சுருளில் கிட்டார் வாசிப்பவர் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: வாசிக்கத் தெரிந்த நண்பரைக் கூப்பிட்டு, இடது கை விரல்கள் எங்கே விழுகின்றன என்று பிரேம் பிரேமாகப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன கார்டு என்று சொல்லிவிடுவார், ஊமைப் படத்திலிருந்து பாட்டின் எலும்புக்கூடு கிடைக்கும்.

4கே விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறது. மங்கலாக நிற்கும் ஒருவருக்கு அது ஒரு மூக்கும் கண்ணும் கொடுக்கும், அது அவருடைய மூக்கு இல்லை. கல்யாண வீட்டில் போட்டுக்காட்டப் பரவாயில்லை, யார் இவர் என்று கண்டுபிடிக்க வேண்டிய படத்தில் அதைச் செய்தால் நாமே சாட்சியைக் கலைத்தது போல் ஆகும்.

பழைய கச்சேரிப் பிலிம் நம் கையில் இருந்தால் அதைப் பொதுவில் திரையிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
*குறும்பட இயக்குநர், உப்பளம்*

சுருள் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. எடுத்தவரின் உரிமை அவர் வாரிசுகளுக்குப் போகும். பிரெஞ்சுச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருடம் வரை அது நிற்கும். பாட்டு எழுதியவருக்கும் வாசித்தவர்களுக்கும் தனித்தனி உரிமை. முத்தியால்பேட்டை சுருளில் முதல் உரிமை அந்த அக்காக்களுக்குத்தான். வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் சேர்ந்து பார்க்க யாரும் தடுக்கப் போவதில்லை. டிக்கெட் போட்டாலோ இணையத்தில் ஏற்றினாலோ வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். நடைமுறையில் நான் பார்த்தவரை, அறுபது வயது தாண்டிய முன்னாள் குழுக்காரர்கள் பணம் கேட்பதில்லை, எங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

1993-இல் கல்லூரி விழாவில் நாங்கள் ராக் குழு வைத்து வாசித்தோம். விஎச்எஸ் கேசட் இருக்கிறது. தானே புயலில் நனைந்தது. பிலிம் அளவுக்கு இதற்கும் மதிப்பு உண்டா?
*என்எல்சி ஊழியர், நெய்வேலி*

உண்டு, அவசரமும் இதற்குத்தான் அதிகம். பிலிமைக் கண்ணாடி வைத்தாவது பார்க்கலாம், விஎச்எஸ் நாடாவுக்கு மெஷின் வேண்டும். ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையில் கடைசியாக விசிஆர் செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையது. 2011 டிசம்பரில் நனைந்தது என்றால் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம், கேசட்டின் சன்னல் வழியே சுருள் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் எந்த மெஷினிலும் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், நாடாவும் அறும். நாடாவைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவர்களிடம் மட்டும் கொடுங்கள், நனைந்த கேசட் என்று முதலிலேயே சொல்லுங்கள். கூடவே குழுவில் யார் யார், என்ன பாட்டு வாசித்தீர்கள், எந்த மேடை என்று ஒரு தாளில் எழுதி கேசட் உறைக்குள் வையுங்கள், பேனாவில் வேண்டாம், பென்சிலில்.